ராவுத்தரும் ஜாக்கியும்: திருவரங்கத்துக் கல் குதிரையிலிருந்து பந்தயத் திடல் வரை

குதிரையேறிப் பிழைத்தவர்களைக் குறிக்கத் தமிழில் இரண்டு கடன்சொற்கள் நிலைத்திருக்கின்றன. ஒன்று ராவுத்தர், மற்றொன்று ஜாக்கி. ராவுத்தர் என்பது ‘ராஜபுத்திர’ என்னும் வடசொல் பிராகிருதத்தின் வழியே உருமாறி வந்தது. குதிரைப்படை வீரன் என்பது அதன் பொருள். குதிரை வணிகத்திலும் படைத்தொழிலிலும் ஈடுபட்ட தமிழ் முஸ்லிம்களுக்கு அதுவே சமூகப் பெயராயிற்று. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று விளித்திருக்கிறார் என்றால் அச்சொல்லுக்கு இருந்த மதிப்பு விளங்கும். ஜாக்கி என்ற சொல்லோ ஜான் என்னும் பெயரின் ஸ்காட்லாந்துச் செல்ல வடிவத்திலிருந்து கிளைத்தது. பொடியன், லாயத்து எடுபிடி என்ற பொருளில் புழங்கிப் பின்னர் பந்தயக் குதிரை ஓட்டுபவருக்கு நிலைபெற்றது. ஒன்று பட்டம், மற்றொன்று ஏவல் பெயர். 1900ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பந்தயக் குதிரையேற்றம் படைக் குதிரையேற்றத்திலிருந்து பிரிந்து தனிக் கைத்திறனாக வளர்ந்தது. வளர்ந்த பின்னும் அதைச் செய்தவருக்குப் பொடியனின் மதிப்பே கிடைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டு வகைக் குதிரையேற்றத்தின் தடமும் திருச்சி, திருவரங்கம் வட்டாரத்தில் இருப்பதால் வாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

திருவரங்கம் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அருகே உள்ள சேஷராயர் மண்டபம் 16ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. அதன் முகப்புத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் எழும்பி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தூணோடு ஒரே கல்லாக இழைந்தது. குதிரையின் மார்புக்குக் கீழே வேங்கை முதலிய விலங்குகள், அவற்றோடு மல்லுக்கு நிற்கும் காலாட்கள். மேலே வேலோ வாளோ ஏந்திய வீரன். சுற்றுலாப் பயணிகளின் கண் பெரும்பாலும் குதிரையின் பிளந்த வாயிலும் வேங்கையின் பிடரியிலுமே நிற்கும். குதிரையேற்றத்தின் வரலாற்றைத் தேடுபவர் பார்க்கவேண்டிய இடம் வீரனின் இடுப்பும் தொடையும். அவன் குதிரையின் முதுகில் அழுந்த உட்கார்ந்திருக்கிறான். கால் மடங்காமல் விலாவை ஒட்டித் தொங்குகிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. ஒரு கை கடிவாளத்துக்கு, மறு கை ஆயுதத்துக்கு. போர்க் குதிரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆசனம் இல்லை. ஓங்கிய கையால் குத்துபவனுக்கு உட்கார உறுதியான தளம் வேண்டும். குதிரை திடீரெனத் திரும்பினால் தொடையின் பிடி வேண்டும். சிற்பி வீரனின் அழகை மட்டும் செதுக்கவில்லை, ஒரு தொழில்முறையையே செதுக்கி வைத்திருக்கிறான்.

இந்த வீரனுக்குக் கிடைத்த மதிப்பில் பாதி அவனைச் சுமந்த விலங்கின் விலையால் வந்தது. தமிழகத்தின் தட்பவெப்பம் உயர்ந்த குதிரை இனத்துக்கு ஏற்றதல்ல. நல்ல குதிரை கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை, அப்படிப்பட்டவரை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தமிழர்மீது அது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. தமிழகத்துக் கொள்ளே குதிரையின் தீனியாகி நாடெங்கும் பரவியதை வைத்துப் பார்த்தால், இங்கிருந்தவர்கள் காலப்போக்கில் குதிரை வளர்ப்பைக் கற்றுக்கொள்ளவே செய்தார்கள். ஆனால் குதிரை அரிய பொருள் என்ற அடிப்படை மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், மன்னர் ஆண்டுதோறும் 13,000 ஓர்முஸ் குதிரைகளை வாங்கியதாகக் குறிக்கிறார். சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் அந்த வணிகம் உச்சத்தில் இருந்த நூற்றாண்டில் கல்லில் எழுந்தவை.

திருவரங்கத்தில் இன்னொரு குதிரையும் உண்டு. வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் இராப்பத்தில் எட்டாம் நாள் வேடுபரி. திருமங்கை மன்னன் பெருமாளை வழிமறித்துக் கொள்ளையிட்டு, பின் அவரிடமே திருமந்திரம் கேட்ட நிகழ்ச்சி அன்று மணல்வெளியில் நடித்துக் காட்டப்படுகிறது. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருள்வார். ஸ்ரீபாதம் தாங்கிகள் தண்டைத் தோளில் ஏற்றி முன்னும் பின்னும் ஓடி, குதிரையின் நடையைத் தங்கள் கால்களால் காட்டுவார்கள். இதற்கு வையாளி என்று பெயர். ஓடும்போது எல்லோரும் ஒரே அடியாக வைக்கவேண்டும். முழங்கால் சற்றே வளைந்து, தரையிலிருந்து வரும் அதிர்ச்சி தோளுக்கு ஏறாமல் தொடையிலேயே அடங்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே அலங்காரம் கலையும். வாகனத்தில் வீற்றிருப்பவர் அசையாமல் நிமிர்ந்திருக்க, குதிரையோட்டத்தின் திறமை முழுவதும் கீழே சுமப்பவர்களின் கால்களில் இருக்கிறது. பந்தய ஜாக்கியின் தொழில்நுட்பத்தை விளக்க இதைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது. ஜாக்கி செய்வதும் அதேதான். ஆனால் தண்டுக்குக் கீழே நின்றல்ல, குதிரைக்கு மேலே இருந்துகொண்டு.

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனம் இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உருவானது. அதன் ஆண்வழி முழுவதும் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் போய் முடிகிறது. பாண்டியனும் விசயநகரத்தாரும் தேடித்தேடி வாங்கிய மேலைக்கடல் குதிரைகளின் உறவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை எங்கெல்லாம் தங்கியதோ அங்கெல்லாம் பந்தயமும் தங்கியது. சென்னை கிண்டியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குதிரைகள் ஓடின. கர்நாடகப் போர்களுக்குப் பின் பெரிய படைத்தளமாக வளர்ந்த திருச்சியில், காஜாமலையை ஒட்டிய சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கன்டோன்மென்ட் பந்தயங்களில் குதிரையும் அதிகாரியுடையது, பெரும்பாலும் ஏறுபவரும் அதிகாரியே. காலையில் அணிவகுப்பில் ஏறிய அதே ஆசனத்தில்தான் மாலையில் பந்தயமும் ஓடியது. சேஷராயர் மண்டபத்து வீரனின் இருப்புக்கும் அதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. திருச்சியில் பந்தயம் படையோடு வந்தது, படை குறைந்தபோது மறைந்தது என்று கொள்வதே பொருத்தம். தனித் தொழிலாக வேர்விட்ட ஜாக்கிகள் உள்ள இடத்தில்தான் படை போன பிறகும் பந்தயம் நிலைத்தது.

அந்தத் தனித் தொழில் பிறந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அங்குள்ள ஜாக்கிகள் அங்கவடியின் வாரைக் குட்டையாக்கி, முழங்காலை மடக்கி, பிட்டம் சேணத்தில் படாமல் குதிரையின் கழுத்துமேல் கவிந்து ஓட்டினார்கள். வில்லி சிம்ஸ் என்ற கறுப்பின ஜாக்கி 1895இல் இங்கிலாந்துக்கு வந்து இந்த முறையில் வென்றுகாட்டினார், ஆங்கிலேயர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாண்டுக்குப் பின் வெள்ளையரான டாட் ஸ்லோன் வந்தார். முதலில் குச்சியில் ஏறிய குரங்கு என்று அவரையும் எள்ளினார்கள். வெற்றிகள் குவிந்த பின் இங்கிலாந்து முழுவதும் அவரைப் பின்பற்றியது. புதிய ஆசனத்தின் பெருமை பெரும்பாலும் ஸ்லோன் பெயரிலேயே எழுதப்பட்டது. சிம்ஸ் 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் கென்டக்கி டெர்பியை வென்றவர் என்பதைப் பார்க்கும்போது, அவர் பெயர் பின்னுக்குப் போனதற்குத் திறமைக்குறைவு காரணமல்ல என்பது தெளிவு.

ஆசனம் மாறியதால் என்ன ஆயிற்று என்பதை அளந்து சொல்ல முடியும். பந்தய நேரப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் தீலோ பாவ், ஆலன் வில்சன் உள்ளிட்டோர் வெளியிட்ட கட்டுரையின்படி, 1900ஐ ஒட்டிப் பந்தய நேரம் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டில் உணவு, மருத்துவம், இனப்பெருக்கம் என எத்தனையோ முன்னேற்றங்கள் வந்தும் இவ்வளவு பெரிய தாவல் மீண்டும் நிகழவில்லை. காரணம் எளிது. பாய்ந்தோடும் குதிரையின் முதுகு ஒவ்வொரு தாவலிலும் ஏறி இறங்குகிறது. முன்னோக்கிய வேகமும் கூடிக் குறைகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவர் அந்த முதுகோடு ஒட்டிய சுமை. தாவலுக்குத் தாவல் அவரைத் தூக்கவும் தள்ளவும் குதிரை தன் ஆற்றலைச் செலவிடவேண்டும். கவிந்து நிற்பவரின் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் வில்லாகச் சுருங்கி விரிகின்றன. கீழே குதிரை குலுங்கினாலும் மேலே அவர் உடல் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் மிதக்கிறது. எடையைக் குதிரைதான் தாங்குகிறது, ஆனால் ஆட்டிச் சுமக்கவேண்டியதில்லை. வையாளியில் ஸ்ரீபாதம் தாங்கிகளின் முழங்கால் செய்யும் வேலையை இங்கே ஜாக்கியின் முழங்கால் செய்கிறது. ஓட்டம் முடிவதற்குள் அவர் தொடைத் தசைகள் எரியத் தொடங்கிவிடும்; நாடித்துடிப்பு எல்லையைத் தொடும். உட்கார்ந்து போகிறவர் என்று திடலுக்கு வெளியே நினைக்கப்படுபவர் உண்மையில் உட்காருவதே இல்லை.

இந்த ஆசனத்தில் வேல் ஓங்க முடியாது. கூட்டத்தில் சட்டென்று திரும்பி வெட்ட முடியாது. குதிரை இடறினால் ஏறியவர் தலைக்கு மேல் தூக்கியெறியப்படுவார். அதாவது, போருக்கு வேண்டிய எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து வேகம் ஒன்றை மட்டும் பெற்ற ஏற்பாடு இது. படைவீரன் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய வேலையாக அது நீடிக்கவில்லை. சிறுவயதில் தொடங்கி, எடையைக் கட்டி, நாள்தோறும் விடியலில் குதிரைகளை ஓட்டிப் பழகியவரே அதைச் செய்ய முடியும். பந்தயத்துக்கு முன் சேணத்தோடு தராசில் ஏறி எடை காட்டவேண்டும். குறைந்தால் சேணத்துணியின் பைகளில் ஈயத் தகடு சேர்ப்பார்கள். ஓடி முடித்ததும் மறுபடி தராசு. எடை குறைந்திருந்தால் வென்ற பந்தயமும் பறிபோகும்.

அந்த எடைதான் இத்தொழிலின் கொடுமை. புதிய ஆசனம் வருவதற்கு முன்பே பிரெட் ஆர்ச்சர் அதற்கு இரையானார். 1874 முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து இங்கிலாந்தின் முதல் ஜாக்கியாக இருந்து 2748 வெற்றிகள் குவித்த அவர், உயரமான உடலைப் பட்டினியாலும் பேதி மருந்தாலும் ஒடுக்கி, காய்ச்சலும் துயரமும் சூழ்ந்த நிலையில் 1886இல் 29 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆஸ்திரேலியரான பிராங்க் வூட்டன் 10 வயது நிரம்புமுன் தென்னாப்பிரிக்காவில் முதல் பந்தயத்தை வென்றவர். 1909 முதல் 1912 வரை இங்கிலாந்தின் முதல் ஜாக்கி. 20 வயதை நெருங்கும்போதே உடல் கனத்து, சமதரைப் பந்தயம் அவருக்குக் கைநழுவத் தொடங்கியது. பொடியன் என்ற சொல் வெறும் பழைய பொருள் அல்ல. தொழில் உண்மையிலேயே பிள்ளைகளின் உடலை வேண்டியது, உடல் வளர்ந்ததும் அவர்களைக் கைவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜாக்கியின் வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதை முழுமையாகக் காட்டும் சான்று ஜிம்மி விங்க்ஃபீல்டு. கென்டக்கியில் குத்தகை உழவர் குடும்பத்தில் 17 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த கறுப்பினச் சிறுவன். குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் தொழில் கற்றார். 1898இல் முதல் பந்தயத்திலேயே அவசரத்தில் நான்கு குதிரைகள் மோதிக்கொள்ளக் காரணமாகி ஓராண்டுத் தடை பெற்றார். அந்த அவசரம் பிறகு அவரிடம் காணப்படவில்லை. கென்டக்கி டெர்பியில் 1900இல் மூன்றாமிடம், 1901இல் ஹிஸ் எமினென்ஸ் மீதும் 1902இல் ஆலன்-அ-டேல் மீதும் முதலிடம், 1903இல் இரண்டாமிடம். அவருக்குப் பின் எந்தக் கறுப்பின ஜாக்கியும் அந்தப் பந்தயத்தை வென்றதில்லை. 1875இல் முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு தலைமுறைக்குள் ஒரு தொழிலின் உடைமையே கைமாறியது. பரிசுப் பணம் பெருகியபோது வெள்ளை ஜாக்கிகள் கறுப்பின ஜாக்கிகளின் குதிரைகளை வேலியோடு நெருக்கினார்கள், சவுக்கால் அடித்தார்கள். உரிமையாளர்கள் கறுப்பினத்தவருக்குக் குதிரை தருவதை நிறுத்தினார்கள்.

விங்க்ஃபீல்டு 1904இல் ரஷ்யாவுக்குப் போனார். ஜார் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மாஸ்கோவிலும் வார்சாவிலும் அவர் பெரும் புகழும் பணமும் ஈட்டினார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தபோது பந்தயக் குதிரைகள் ஒடெசாவில் ஒதுங்கியிருந்தன. 1919இல் அங்கிருந்து 200க்கு மேற்பட்ட தரோபிரெட் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போலந்து நோக்கிப் புறப்பட்ட கூட்டத்தில் அவரும் முன்னின்றார். வழியில் உணவு தீர்ந்தபோது சில குதிரைகளைத் தின்றே கூட்டம் உயிர் தப்பியது. குதிரையோடு வாழ்ந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் பிரான்சில் குடியேறி மீண்டும் வென்றார். 1930இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் சுமார் 2600 வெற்றிகள். மெஜோன்-லஃபீத்தில் குதிரை பயிற்றுநராக நிலைத்தவரை இரண்டாம் உலகப் போர் மறுபடி பெயர்த்தது. அமெரிக்காவுக்குத் திரும்பியவர் சாலைப் பணியில் கூலி வேலை செய்தார். 1961இல் கென்டக்கி டெர்பி விருந்துக்கு அழைக்கப்பட்டுச் சென்றபோது, விருந்து நடந்த விடுதியின் முன்வாசலிலேயே அவரை உள்ளே விட மறுத்தார்கள். 1974இல் பிரான்சில் மறைந்தார். அமெரிக்கப் பந்தயத்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2004இல்.

இந்தியப் பந்தயத் திடல்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைமை தலைகீழ், விளைவு ஒன்றே. இங்கே பெரிய பந்தயங்களில் ஏறியவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குளிர்காலப் பருவத்துக்கு வந்தவர்கள். 1943இல் முதல் இந்திய டெர்பியைப் பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் வென்றபோது ஏறியிருந்தவர் ஆஸ்திரேலியரான எட்கர் பிரிட். 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்த பின் கிண்டியும், கோடையில் ஊட்டியும் தென்னாட்டின் பந்தயத் தலங்களாயின. அங்கு தீனி வைத்தவர், உருவிவிட்டவர், விடியலில் நடத்திக் கூட்டிப்போனவர் எல்லாம் உள்ளூர்க் குதிரைக்காரர்கள். அமெரிக்காவில் தொழிலைத் தெரிந்தவனை அதிலிருந்து விரட்டினார்கள். இங்கே தெரிந்துகொள்ளும் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். விலக்கம் தளர்ந்த பிறகே இந்திய ஜாக்கிகள் முன்வரிசைக்கு வர முடிந்தது.

தமிழ்ப் பொதுவாழ்வில் ஜாக்கியின் பெயர் எழாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. குதிரைப் பந்தயம் என்றாலே இங்கே பேச்சு பணம் கட்டுபவரைப் பற்றியது. ரேஸில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத் தலைவன் கதைகளிலும் படங்களிலும் மீண்டும் மீண்டும் வந்தான். அந்தக் கவலை பொய்யானதல்ல; அதனால் அழிந்த குடும்பங்கள் உண்டு. 1974இல் தமிழ்நாடு அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும் அந்தக் கவலையால்தான். ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் குதிரைமேல் இருந்தவர் காணாமல் போனார். சூதாட்டக் காயின் நிலையில் அவர் வைக்கப்பட்டார். 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில் 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு, கையகப்படுத்தும் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதைவிடச் சட்ட வரலாற்றில் நிலைத்தது இன்னொரு முடிவு: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டமன்று, பெரிதும் திறனைச் சார்ந்த விளையாட்டு. குதிரையின் வம்சம், பயிற்சி ஆகியவற்றோடு ஏறுபவரின் தேர்ச்சியும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது அதன் அடிப்படை. பணம் கட்டுபவருக்கும் கிளப்புக்குமான வழக்குதான் அது. ஆயினும் ஜாக்கியின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் இருக்கும் கைத்திறனை இந்நாட்டின் மிக உயர்ந்த மன்றம் ஏற்றுக்கொண்ட ஆவணமும் அதுவே. டாட் ஸ்லோன் இங்கிலாந்தில் ஏறி அப்போது கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீர்ப்பு பந்தயத்தைக் காத்தது, திடலைக் காக்கவில்லை. குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி 2024இல் தமிழ்நாடு அரசு முதலில் ஊட்டித் திடலையும் பின்னர் செப்டம்பரில் கிண்டித் திடலையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. நிலத்தின் மதிப்பு, பொதுப்பயன், வாடகைக் கணக்கு ஆகியவை பற்றி நிறையவே எழுதப்பட்டது. அங்கே ஏறிப் பிழைத்தவர்கள், லாயத்தில் வேலை பார்த்தவர்கள் பற்றிய வரிகள் அவற்றில் மிகச் சில.

திருச்சியில் திடல் முன்பே மறைந்துவிட்டது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் இன்று அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. காலையில் பிள்ளைகள் தங்கள் சொந்தக் கால்களால் ஓடுகிறார்கள். அதே சாலையில் ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. 1951இல் அதை நிறுவிய இருவரில் ஒருவர் காஜாமியான் ராவுத்தர்.